கீறல் சிறிது, கறள் பெரிது



எமது பகுதிகளில் பெண்கள் வாகனம் ஓட்டுவது இன்று புதினமான காரியமல்ல. ஸ்கூட்டியில் பிள்ளையைப் பாடசாலையில் இறக்கிவிட்டு வேலைக்குப் போகின்றோம். ஓட்டோ ஓட்டிக் குடும்பம் பார்க்கும் சகோதரிகள் இருக்கின்றார்கள். பழைய கார் ஒன்றை வைத்து ஹயர் ஓடிப் பிள்ளைகளைப் படிப்பிக்கின்றவர்களும் இருக்கின்றார்கள். ஓட்டப் பழகிவிட்டோம். ஆனால் வாகனத்தில் ஒரு கீறல் விழுந்தால் என்ன செய்வது என்று கேட்டால் எம்மில் பலருக்குப் பதில் தெரியாது. "கராஜுக்குக் கொண்டு போக வேண்டும், அதற்குக் காசில்லை, பிறகு பார்ப்போம்" என்று விட்டுவிடுகின்றோம். அந்தப் "பிறகு பார்ப்போம்" என்பதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன? சிறு கீறலை வீட்டு முற்றத்தில் வைத்து நாமே எப்படித் திருத்தலாம்? இவற்றை இம்மாதம் பார்ப்போம்.

ஸ்டிக்கருக்குக் கீழே ஒளித்த கீறல்

முல்லைத்தீவுப் பக்கம் மீளக்குடியேறிய சகோதரி ஒருவரைப் பல வருடங்களாக எனக்குத் தெரியும். 2009இல் கணவரை இழந்தவர். இரண்டு பெண் பிள்ளைகள். வெளிநாட்டில் இருக்கும் தம்பி அனுப்பிய காசையும், கையிலிருந்த காப்பை அடகு வைத்த காசையும் சேர்த்து ஒரு பழைய வெள்ளை டொயோட்டா கார் வாங்கினார். காலையில் மூன்று ஆசிரியைகளைப் பாடசாலைக்குக் கொண்டுபோய் விடுவார். பின்னேரம் கூட்டி வருவார். இடைப்பட்ட நேரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போகும் வயதானவர்களை ஏற்றி இறக்குவார். அந்த வீட்டின் அடுப்பு எரிவது அந்தக் காரில்தான்.

ஒருநாள் கேற்றால் காரைப் பின்பக்கமாக எடுக்கும்பொழுது வேலியின் முட்கம்பி பின் கதவை இழுத்துவிட்டது. ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கீறல். பார்த்துக்கொண்டு நின்ற அயலவர் ஒருவர், "பொம்பிளையள் ஓட்டினால் உப்பிடித்தான்" என்று சிரித்தார். கீறலை விட அந்தச் சொல்தான் அவருக்கு வலித்தது. அடுத்த நாளே பூப்படம் போட்ட ஸ்டிக்கர் ஒன்றை வாங்கிக் கீறலின் மேல் ஒட்டிவிட்டார். பார்ப்பவர்களுக்கு அழகாகவும் இருந்தது. அவரும் மறந்துபோனார்.

மாரி வந்து போனது. தை மாதம் காரைக் கழுவும்பொழுது ஸ்டிக்கரின் ஒரு மூலை எழும்பியிருந்தது. இழுத்துப் பார்த்தால் உள்ளே பெயின்ற் பொரித்த அப்பளம் போலக் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. விரலால் தொட உதிர்ந்து கொட்டியது. அதற்குள் செம்மண் நிறத்தில் கறள். கராஜில் காட்டியபொழுது, கறள் தின்ற தகரத்தை வெட்டிப் புதுத் தகரம் ஒட்ட வேண்டும், கதவு முழுவதற்கும் பெயின்ற் அடிக்க வேண்டும், 40,000 ரூபா முடியும், ஐந்து நாள் கார் நிற்க வேண்டும் என்றார்கள். ஐந்து நாள் ஹயர் காசும் போனது. அந்த ஐந்து நாளும் வேறு வாகனம் பிடித்த ஆசிரியைகளில் ஒருவர் திரும்பி வரவுமில்லை.

முட்கம்பி கீறிய கிழமையே அதைத் திருத்தியிருந்தால் சாமான்களுக்கு மட்டுந்தான் செலவு. அது அந்த 40,000 ரூபாவில் பத்தில் ஒரு பங்குகூட வந்திராது. கீறல் அவ்வளவு நட்டத்தைக் கொண்டு வரவில்லை. வெட்கப்பட்டு அதை மூடியதுதான் கொண்டு வந்தது.

கறள் ஏன் பிடிக்கிறது?

காரின் உடம்பு இரும்புத் தகரம். இரும்பு, நீர், காற்றிலுள்ள ஒட்சிசன் ஆகிய மூன்றும் சேர்ந்தால் கறள் உண்டாகும். இந்த மூன்றையும் சேர விடாமல் நடுவில் நிற்பதுதான் பெயின்ற். அழகு இரண்டாவது வேலை, காவல்தான் முதல் வேலை. அந்தக் காவலின் தடிப்பு எவ்வளவு தெரியுமா? எல்லாப் பூச்சுக்களையும் சேர்த்தாலும் ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர். பிள்ளைகளின் கொப்பியில் ஓரிரண்டு தாளின் தடிப்புத்தான்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு எதிரி உண்டு. கடற்காற்றில் வரும் உப்பு தகரத்தில் படிந்து ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். உப்பு நீரில் கறள் வெறும் நீரில் பிடிப்பதை விட வேகமாகப் பிடிக்கும். அதனால் கரையோரத்து வாகனங்களைக் கிழமைக்கு ஒரு தடவையாவது நல்ல தண்ணீரால் கழுவுவது அவசியம். கதவுகளின் கீழ் விளிம்பையும் சில்லுக்கு மேலுள்ள வளைவின் உட்புறத்தையும் மறக்கக்கூடாது.

கறளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அது தான் தின்ற இரும்பை விடப் பல மடங்கு இடத்தைப் பிடிக்கும். அதனால் அருகிலுள்ள நல்ல பெயின்றையும் கீழிருந்து தூக்கி, அதற்குள்ளும் ஈரத்தை விடும். ஸ்டிக்கர் ஒட்டினால் ஈரம் உள்ளே அடைபட்டுக் காயாமல் நிற்கும். அந்தச் சகோதரியின் கதவுக்கு நடந்தது இதுதான்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 2020 மார்ச் மாதம் தொடக்கம் 2025 ஆரம்பம் வரை எமது நாட்டுக்குத் தனியார் பாவனைக்கான வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது. பழைய கார்களின் விலை எவ்வளவுக்கு ஏறியது என்பதை நாம் கண்ணால் கண்டோம். பழைய கார் என்று அலட்சியமாக விடும் காலம் இதுவல்ல. நாளைக்கு அவசரத்துக்கு விற்க வேண்டி வந்தாலும், வாங்க வருபவர் முதலில் பார்த்து விலையைக் குறைப்பது கறளைத்தான்.

பெரியவர் ஒருவரின் பாடம்

அந்தச் சகோதரியின் காரில் சித்திரை மாதம் இன்னொரு கீறல் விழுந்தது. சந்தையடியில் நிற்பாட்டி வைத்திருக்கையில் யாரோ ஒருவரின் சைக்கிள் ஹாண்டில் முன் கதவில் உரசியிருந்தது. இந்த முறை அவர் ஸ்டிக்கர் கடைக்குப் போகவில்லை. அதே ஒழுங்கையில் இருக்கும் பெரியவர் ஒருவரிடம் போனார்.

அவர் யாழ்ப்பாணத்துக் கராஜ் ஒன்றில் பெயின்ற் அடித்தவர். 1990இல் பொருளாதாரத் தடை வந்தபின் பெற்றோல் கிடைக்காமல், ஒஸ்ரின் ஏ40 போன்ற பழைய கார்களைச் சில துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டியதை எம்மில் பலர் கண்டிருக்கின்றோம். அந்தக் கார்களுக்குத் தகரம் ஒட்டி, பெயின்ற் அடித்து உயிரோடு வைத்திருந்த கைகளில் அவருடையவையும் இரண்டு. இப்பொழுது இருமல் காரணமாக வேலை செய்வதில்லை. "அந்த நாளையில் முகத்துக்குத் துணிகூடக் கட்டாமல் அடிச்சம் பிள்ளை. இப்ப நெஞ்சு அதைச் சொல்லுது" என்றார்.

"ஐயா, நீங்கள் செய்து தாங்கோ" என்று சகோதரி கேட்டார். "நான் சொல்லுறன், நீங்கள் செய்யுங்கோ பிள்ளை. நான் செய்தால் இந்தக் கீறல் மட்டுந்தான் போகும்" என்றார் அவர். நானும் பக்கத்தில் இருந்து எழுதிக்கொண்டேன். அவர் சொன்னதைத்தான் இங்கே ஒழுங்காகத் தருகின்றேன்.

முதலில் கீறலை வாசியுங்கள்

வேலை தொடங்கமுன் அந்த இடத்தைச் சவர்க்கார நீரால் கழுவித் துடைக்க வேண்டும். பிறகு நான்கு சோதனைகள்.

காந்தச் சோதனை: சிறிய காந்தம் ஒன்றை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்புத் தகரம். இக்காலக் கார்களின் பம்பர், ஸ்கூட்டியின் பெரும்பாலான மூடிகள் பிளாஸ்டிக். காந்தம் ஒட்டாது. பிளாஸ்டிக்குக் கறள் பிடிக்காது. ஆகவே அங்கே விழுந்த கீறல் அழகைக் கெடுக்குமே தவிர வாகனத்தைத் தின்னாது. கையில் காசு குறைவென்றால் அதை ஆறுதலாகப் பார்க்கலாம். தகரத்தைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

துடைப்புச் சோதனை: சில நேரங்களில் நாம் கீறல் என்று நினைப்பது உண்மையில் கீறலே அல்ல. நாம் உரசிய மதிலின் சுண்ணாம்பு அல்லது மற்ற வாகனத்தின் பெயின்ற் எமது பெயின்றின் மேல் ஒட்டியிருக்கும். துணியில் சிறிது டர்பன்டைன் நனைத்து மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் போய்விடுவதும் உண்டு. முதலில் வெளியே தெரியாத இடம் ஒன்றில் துடைத்துப் பார்த்து, எமது பெயின்றுக்குப் பாதிப்பில்லை என்று தெரிந்த பின்னரே செய்ய வேண்டும். தின்னரால் துடைக்கக்கூடாது. அது நல்ல பெயின்றையும் கரைத்துவிடும்.

தண்ணீர்ச் சோதனை: கீறலின் மேல் தண்ணீர் தெளியுங்கள். நனைந்தவுடன் கீறல் மறைந்துபோனால் அது மேல் பூச்சில் மட்டுந்தான் இருக்கின்றது. ரப்பிங் கொம்பவுண்டைத் துணியில் எடுத்துத் தேய்த்தால் போதும்.

நகச் சோதனை: கீறலுக்குக் குறுக்கே விரல் நகத்தை இழுங்கள். நகம் தடக்காவிட்டால் மேலோட்டமான கீறல். தடக்கினால் ஆழமானது. உள்ளே சாம்பல் நிறமோ வேறு நிறமோ தெரிந்தால் பிறைமர் எனப்படும் அடிப்பூச்சு வரை போயிருக்கின்றது. வெள்ளி போல மினுங்கினால் தகரமே தெரிகின்றது. செம்மண் நிறமென்றால் கறள் தொடங்கிவிட்டது. தகரமோ கறளோ தெரிந்தால் அந்தக் கிழமையே வேலையைச் செய்ய வேண்டும்.

வாங்க வேண்டியவை

வோட்டர் பேப்பர் என்று கடையில் கேட்டால் நீர் விட்டுத் தேய்க்கும் அரத்தாள் தருவார்கள். இலக்கம் கூடக் கூடத் தாள் மென்மையாகும். 400, 800, 2000 ஆகிய மூன்றிலும் ஒவ்வொன்று போதும். பிறைமர் சிறிது, நிறப் பெயின்ற் சிறிது, தேவையென்றால் கிளியர் எனப்படும் நிறமற்ற மினுக்கப் பூச்சு சிறிது, ரப்பிங் கொம்பவுண்ட், மாஸ்கிங் ரேப், பிள்ளைகள் படம் வரையும் மிகச் சிறிய தூரிகை, பழைய பருத்தித் துணி, கையுறை, முகக்கவசம். இவ்வளவுதான்.

நிறம் பொருந்துவது பற்றித்தான் எல்லோருக்கும் பயம். "வெள்ளைதானே" என்று கடையில் கேட்டு வாங்கக்கூடாது. வெள்ளையிலேயே பல வெள்ளைகள் உண்டு. ஒவ்வொரு காருக்கும் நிற இலக்கம் இருக்கின்றது. என்ஜின் மூடியைத் திறந்தால் உள்ளே, அல்லது முன் கதவைத் திறந்தால் தூணில் ஒரு சிறு தகடோ ஒட்டுத்தாளோ இருக்கும். டொயோட்டா கார்களில் அந்தத் தகட்டில் "சி/ரிஆர்" என்ற ஆங்கில எழுத்துக்களுக்குப் பக்கத்தில் முதலில் இருப்பது நிற இலக்கம். உதாரணமாக 040 என்பது ஒரு வெள்ளை. அதைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, வாகனப் பெயின்ற் கலந்து விற்கும் கடைக்குப் போங்கள். கார் வெயிலில் நிறம் மங்கியிருந்தால் பெற்றோல் மூடியின் சிறு கதவைக் கழற்றிக் கொண்டுபோனால் அதைப் பார்த்துக் கலந்து தருவார்கள்.

இன்னொரு முக்கியமான விடயம். பிறைமர், நிறம், கிளியர் மூன்றையும் ஒரே கடையில், ஒன்றோடொன்று சேரும் வகையாகக் கேட்டு வாங்குங்கள். வகை மாறினால் மேலே பூசும் பெயின்ற் கீழே உள்ளதைச் சுருங்கச் செய்து பால் ஆடை போலத் தூக்கிவிடும்.

உங்கள் காருக்குக் கிளியர் தேவையா என்று அறிய வெளியே தெரியாத ஓரிடத்தில் கொம்பவுண்டால் தேய்த்துப் பாருங்கள். துணியில் காரின் நிறம் ஒட்டினால் மேலே கிளியர் இல்லை. நிறப் பெயின்றோடு வேலை முடிந்தது. ஒட்டாவிட்டால் கிளியரும் பூச வேண்டும்.

வேலை செய்யும் முறை

நாள் பார்ப்பது முக்கியம். மாரி காலத்து ஈரக் காற்றில் பெயின்ற் வெளிறிப்போகும். சோளகம் அடிக்கும் பின்னேரங்களில் புழுதி வந்து ஒட்டும். மழையில்லாத நாளொன்றில், பனி காய்ந்த பின், வெயில் ஏறமுன் நிழலில் செய்வது நல்லது. கை வைத்தால் சுடுகின்ற தகரத்தில் பூசக்கூடாது.

1. கறளைப் போக்குதல். கீறலைச் சுற்றி மாஸ்கிங் ரேப் ஒட்டுங்கள். 400ஆம் இலக்கத் தாளைச் சிறிதாக மடித்து, அதன் விளிம்பைத் தண்ணீரில் நனைத்துக் கீறலுக்குள் மட்டும் தேய்க்க வேண்டும். கறள் முழுவதும் போய்த் தகரம் மினுங்க வேண்டும். ஊசி முனையளவு கறள் மிஞ்சினாலும் அது உள்ளிருந்து வேலையைத் தொடரும். "கறளுக்குச் சட்டை போட்டால் அது உள்ளுக்கு இருந்து தின்னும் பிள்ளை" என்று பெரியவர் மூன்று தடவை சொன்னார். பிறகு 800ஆம் தாளால் கீறலின் விளிம்புகளை மெதுவாகச் சரிவாக்குங்கள். விரலால் தடவினால் படி போலத் தடக்கக்கூடாது.

2. சுத்தம் செய்தல். கழுவி, துடைத்து, முற்றாகக் காய விடுங்கள். பின்னர் டர்பன்டைன் தொட்ட சுத்தமான துணியால் எண்ணெய்ப்பற்றைத் துடைத்து, உலர்ந்த துணியால் மீண்டும் துடைத்து, காய விட வேண்டும். அதன்பின் அந்த இடத்தில் விரல் படக்கூடாது. தலைக்கு எண்ணெய் வைத்த கையென்றால் சொல்லவே வேண்டாம். எண்ணெய் பட்ட இடத்தில் பெயின்ற் பிடிக்காது.

3. பிறைமர். தகரம் தெரியும் இடத்தில் மட்டும் மெல்லியதாக ஒரு பூச்சு. காய்ந்த பின் இன்னொன்று. எத்தனை நிமிடம் என்பது பேணியில் எழுதியிருக்கும். மயிர் போன்ற மெல்லிய கீறலுக்குத் தூரிகையும் பெரிது. தென்னை ஈர்க்கின் நுனியைச் சீவித் தொட்டு வைக்கலாம். எங்கள் சகோதரி ஈர்க்கால்தான் செய்தார். பிறைமர் நன்றாகக் காய்ந்தபின் 800ஆம் தாளால் லேசாகத் தடவித் துடைக்க வேண்டும்.

4. நிறம். முதலில் ஒரு பேணி மூடியில் பூசிக் காய வைத்து நிறத்தை ஒப்பிடுங்கள். ஈரமாக இருக்கையில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். பொருந்தினால் கீறலுக்குள் மெல்லிய பூச்சாக வையுங்கள். தடிப்பாக ஒரே தடவையில் நிரப்பினால் மேலே காய்ந்து உள்ளே காயாது, வழியவும் செய்யும். மெல்லியதாக மூன்று தடவை, ஒவ்வொன்றுக்கும் இடையில் காய விட்டு, சுற்றியுள்ள பெயின்றை விடச் சற்று உயர்ந்து நிற்கும் வரை பூச வேண்டும். காயும்பொழுது அது சற்று இறங்கும். கிளியர் தேவையென்றால் அதையும் இப்படியே இரண்டு தடவை பூசலாம்.

5. மினுக்குதல். இங்கேதான் அவசரப்பட்டுக் கெடுத்துவிடுவோம். ஒரு கிழமை அப்படியே விடுங்கள். பிறகு 2000ஆம் தாளைச் சவர்க்கார நீரில் ஊற வைத்து, உயர்ந்து நிற்கும் பெயின்றை மட்டும் மெதுவாகத் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். இரண்டு மூன்று இழுவைக்கு ஒரு தடவை துடைத்துப் பார்க்க வேண்டும். முடிவில் கொம்பவுண்டால் தேய்த்தால் மினுக்கம் வந்துவிடும்.

உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ற் உரிந்திருந்தால் தூரிகை சரிவராது. ஸ்பிறே பேணி பாவிக்கலாம். சுற்றிவரப் பத்திரிகைத்தாள் ஒட்டி மூடி, பேணியை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி, ஏறத்தாழ ஓர் அடி தூரத்தில் பிடித்து, கையை அசைத்துக்கொண்டே அடிக்க வேண்டும். ஓரிடத்தில் கையை நிறுத்தினால் வழியும். முதலில் பழைய தகரத் துண்டொன்றில் அடித்துப் பழகுங்கள்.

வாகனப் பெயின்ற் கிடைக்கும் வரை என்ன செய்வது? கறள் இல்லாத கீறலைக் கழுவிக் காய வைத்து, நிறமற்ற கியூட்டெக்ஸை மெல்லியதாகப் பூசி விடலாம். சில நாட்களுக்கு ஈரத்தைத் தடுக்கும். இது தற்காலிகமானது என்பதை மறக்கக்கூடாது. பின்னர் அதைத் தேய்த்து எடுத்துவிட்டே முறையாகப் பூச வேண்டும்.

உடம்பைக் காக்க வேண்டும்

பெயின்ற், தின்னர், டர்பன்டைன் ஆகியவற்றின் ஆவி தீப்பிடிக்கும். அடுப்புக்கும் விளக்குக்கும் அருகில் வைத்து வேலை செய்யக்கூடாது. அறைக்குள் வைத்துச் செய்யவே கூடாது. மீதியைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளைகள் குடித்துவிடும் ஆபத்து உண்டு. ஸ்பிறே பேணியை வெயிலில் வைக்கக்கூடாது, வெடிக்கும்.

பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம். அதனால் உலரத் தேய்த்துத் தூசி பறக்க விடாமல் நீர் விட்டே தேய்க்க வேண்டும். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். சாப்பிடமுன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கர்ப்பிணிகளும், முட்டு வருத்தம் உள்ளவர்களும், நெஞ்சிலோ சுவாசப்பையிலோ காயப்பட்டவர்களும் இந்த வேலையை வேறொருவரிடம் கொடுப்பது நல்லது. துணி முகக்கவசம் தூசியைத்தான் ஓரளவு தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கராஜ்களில் கடினமாக்கி கலந்து ஸ்பிறே அடிக்கும் இருபாகப் பெயின்றை வீட்டில் அடிக்கவே வேண்டாம். அதன் ஆவி சுவாசப்பைக்குப் பெருந்தீங்கு. அதற்குத் தனியான முகமூடியும் இடமும் தேவை.

கராஜுக்குப் போக வேண்டிய நேரம்

எல்லாவற்றையும் வீட்டில் செய்ய முடியாது. தகரம் நெளிந்திருந்தால், கறள் ஓட்டை போட்டிருந்தால், கதவில் பாதிக்கு மேல் உரிந்திருந்தால் கராஜ்தான் வழி. வெள்ளி போல மினுங்கும் மெற்றாலிக் நிறங்களில் கையால் பூசிய இடம் தனியாகத் தெரியும். கறளைத் தடுக்க நாமே பூசலாம், அழகாக வர வேண்டுமென்றால் கராஜில் கொடுக்க வேண்டும்.

அங்கே போகும்பொழுது நாம் தலை குனிந்து நிற்கத் தேவையில்லை. போகமுன் வாகனத்தை நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள். எந்தெந்தப் பகுதிக்கு, எத்தனை நாளில், என்ன வகைப் பெயின்ற் என்று எழுதி வாங்குங்கள். "புட்டி வைக்கமுன் எனக்கு ஒருக்கால் காட்டுங்கோ" என்று சொல்லுங்கள். இதுதான் முக்கியமானது. கறளைச் சுரண்டாமல் அதன் மேல் புட்டியை அப்பிப் பெயின்ற் அடித்தால் அன்றைக்கு வடிவாக இருக்கும். அடுத்த மாரிக்குள் கொப்புளம் போடும்.

பழைய வாகனம் வாங்கும்பொழுதும் காந்தத்தைக் கொண்டு போங்கள். மெல்லிய துணியால் சுற்றி, கதவுகளின் கீழ்ப்பகுதியிலும் சில்லு வளைவிலும் வைத்துப் பாருங்கள். மற்ற இடங்களில் நன்றாக ஒட்டும் காந்தம் ஓரிடத்தில் மட்டும் நழுவி விழுந்தால் உள்ளே தடிப்பாகப் புட்டி இருக்கக்கூடும். விலை பேசும்பொழுது அதைச் சொல்லிப் பேசலாம்.

காப்புறுதி பற்றியும் ஒரு சொல். மூன்றாந்தரப்புக் காப்புறுதி மற்றவருக்கு நாம் ஏற்படுத்தும் பாதிப்புக்கு மட்டுந்தான் பணம் தரும். எமது வாகனத்தின் கீறலுக்குத் தராது. முழுக் காப்புறுதி இருந்தாலும் சிறு கீறலுக்குப் பணம் கோரினால், கோரிக்கை இல்லாத வருடங்களுக்காகக் கிடைக்கும் கழிவு குறையலாம். கேட்டறிந்த பின் முடிவு செய்யுங்கள்.

முன் கதவில் இப்பொழுது என்ன தெரிகின்றது?

சகோதரிக்கு அந்த வேலை முடிய ஒரு காலைப்பொழுதும், அடுத்த கிழமை அரை மணித்தியாலமும் பிடித்தன. ஹயர் ஒருநாளும் நிற்கவில்லை. கிட்டப் போய்ச் சரித்துப் பார்த்தால் மெல்லிய கோடொன்று தெரியும். முதல் தடவை செய்ததல்லவா? அவர் அதை மறைக்கவில்லை. ஆசிரியைகள் கேட்டபொழுது, "நான்தான் பூசினது ரீச்சர்" என்று காட்டினார். அதைக் கேட்டு ஓர் ஆசிரியை தன் ஸ்கூட்டியின் இரும்பு மட்காட்டில் கறள் தொடங்கியிருப்பதாகச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை அதே முற்றத்தில் இருவரும் அதையும் செய்து முடித்தார்கள். கடந்த மாரியும் வந்து போனது. பெரியவர் விரலால் தடவிப் பார்த்து, "கொப்புளம் இல்லை" என்றார். அவரிடமிருந்து அதுவே பெரிய பாராட்டு.

சகோதரிகளே, இந்த இதழை வைத்துவிட்டு ஒரு வாளி தண்ணீரும் துணியும் எடுத்துக்கொண்டு போய் உங்கள் வாகனத்தை ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். கதவுகளின் கீழ் விளிம்பைக் குனிந்து பாருங்கள். ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதன் மூலையைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே என்ன இருந்தாலும், இன்றைக்குக் காண்பது அடுத்த மாரிக்குப் பின் காண்பதை விட நல்லது.

அடுத்த இதழில் இன்னொரு பயனுள்ள விடயத்தோடு சந்திப்போம்.